சுமதி கேட்ட நட்சத்திரம்

ஆகஸ்ட், சனி இரவு. ஏரிக்கரைக் கூடாரத்தில்.

சுமதியை இனி நம்பமாட்டேன். இருபது வருடச் சிநேகிதம்.

மொன்றியலில் இருந்து கூடாரமடிக்க வந்தது நான்கு குடும்பங்களும் நானும். இன்று காலை பெடல் படகுக்கு வரிசையில் நின்றபோது, "நீ இதிலை ஏறடி, நாங்கள் பேந்து வாறம்" என்று என்னைத் தள்ளி ஏற்றினாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய கணவரின் நண்பர், நேற்று ரொறன்ரோவில் இருந்து வந்தவர். கரையில் எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

ஏரி நடுவில் அவர் தொண்டையைச் செருமினார். "நீங்கள் உத்திரட்டாதி எல்லோ? என்ர சாதகத்தோடை நல்லாப் பொருந்துதாம்."

என் நட்சத்திரம் சுமதிக்கு மட்டும்தான் தெரியும். போன மாதம் முருகன் கோயிலில் கேட்டாள், என் பெயரில் அர்ச்சனை செய்ய என்று. அர்ச்சனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் விவாகரத்துக்குப் பிறகு எனக்காகவும் ஒருத்தி கும்பிடுகிறாளே என்று அன்று கண் கலங்கியது.

"படகைத் திருப்புங்கோ" என்றேன். அவருக்குத் திருப்பத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு முறை சுற்றினோம். கரையில் கைதட்டினார்கள்.

இறங்கியதும் சுமதியிடம் போனேன்.

"உன்ர நன்மைக்குத்தானேடி. தனியக் கிடந்து என்ன செய்யப்போறாய்?"

"அண்டைக்கு அர்ச்சனை செய்தனியோ?"

"அதுக்கு எங்கையடி நேரம் இருந்தது?" என்று சிரித்தாள்.

பக்கத்துக் கூடாரத்தில் இன்னும் அந்தச் சிரிப்புத்தான் கேட்கிறது. நாளை அவளுடைய காரில்தான் வீடு வரை போகவேண்டும். பின் இருக்கையில் ஏறுவேன். கண்ணை மூடிக்கொள்வேன்.