நீல மீனின் இருபத்துமூன்றாம் நாள்

ம்சூசு
ஞாயிறு, ஆராதனை முடிந்த பிற்பகல்

என் அன்பு மகள் லுசுங்குவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் உன் அப்பாவும் இருபத்தாறு மீன்களும் சுகமாயிருக்கிறோம், நீயும் அந்தக் கிளாஸ்கோ குளிரில் நெஞ்சுச் சளி இல்லாமல் சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். மீன்களா என்று நீ புருவத்தைத் தூக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் சொல்லாமல் கடிதமாக எழுதக் காரணம், போனில் நீயும் நானும் பேசும்போது உன் அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கடிதமென்றால் ஒட்டுவதற்கு முன் அவரும் ஒரு தடவை படித்துக்கொள்வார்.

அப்பாவின் காது முழுக்க அடைபட்டு இந்த மழைக்காலத்தோடு நான்கு வருடம் ஆகிறது. இத்தனை வருடம் ஏரிக்கு அடியில் மூழ்கி வெளிநாட்டுக்கு வண்ண மீன் பிடித்துக் கொடுத்ததற்கு ஏரி எடுத்துக்கொண்டது அவருடைய காதை. தன் குரல் தனக்கே கேட்காததால் பேசுவதையும் குறைத்துக்கொண்டார், நீ போன பிறகு அதுவும் சுத்தமாக நின்றுபோனது. சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நான் அந்த முதுகைப் பார்த்தபடி சமைப்பேன். அந்த முதுகு திரும்ப வேண்டும் என்பதுதான் இந்த வருடத்துக்கான என் ஒரே விண்ணப்பம். அப்போதுதான் உன் உயிரியல் வாத்தியார் லோங்வே ஓய்வு பெற்று கரோங்காவுக்குப் போகிறார், அவருடைய பெரிய மீன்தொட்டியை லாரியில் ஏற்ற மனைவி விடமாட்டேன் என்கிறாள் என்று சபையில் கேள்விப்பட்டேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார், ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்து இழுத்து ஒரு நீல மீனைக் காட்டினார், அதன் தொண்டை உப்பியிருந்தது, வாயை இறுக்கி மூடியிருந்தது. உனக்குத் தெரியும், நம் ஏரியின் பாறை மீன்களில் தாய் வாய்க்குள்ளேயே குஞ்சு வளர்க்கும், மூன்று வாரம் ஒன்றும் தின்னாது. இன்றோடு ஒன்பது நாள் என்றார் வாத்தியார், பயந்தால் துப்பிவிடும் இல்லை விழுங்கிவிடும், இடம் மாற்றும்போது இது தாங்குமோ என்னமோ அம்மா என்றார். நான் நோட்டில் ஒன்பது என்று எழுதிக்கொண்டேன்.

அன்று சனிக்கிழமை, மத்தியானமே பிக்கப் வந்தது. பாதித் தண்ணீரை டிரம்களில் பிடித்து, முப்பத்தோரு மீனையும் வாளிகளில் இறக்கி, கல், மணல், தண்ணீர் சுத்தம் செய்யும் மோட்டாரின் பஞ்சு எல்லாவற்றையும் தனித்தனியாக ஏற்றினோம். நீல மீனைக் கடைசியாகப் பிடித்து நம் பெரிய களிப் பானையில் விட்டு, மேலே என் கறுப்புச் சால்வையைப் போட்டு, பானையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா வண்டியின் பின்னால் உட்கார்ந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது, யூகலிப்டஸ் மரங்களெல்லாம் பனியில் கரைந்துபோயிருந்தன, வண்டி ஏறி இறங்கும்போது வாளிகளுக்குள் தண்ணீர் தூக்கத்தில் பேசுவது போல முனகியது, நான் யோனாவை நினைத்துக்கொண்டேன். மீனின் வயிற்றுக்குள் அவனுக்கு இப்படித்தான் கேட்டிருக்கும்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். கிளம்பும்போது லோங்வே, எதையும் கழுவாதீங்கம்மா, அந்தக் கல்லையும் பஞ்சையும் அப்படியே போடுங்க, அந்த வழவழப்புதான் தண்ணிய உயிரோட வச்சிருக்கு என்றார். நம் ஊரில் யார் பழைய பொருள் கொடுத்தாலும் கழுவ வேண்டாம் என்றுதானே சொல்வார்கள், அது கொடுக்கிறவர்களின் மரியாதை, கழுவாமல் உள்ளே எடுத்து வைத்தால் வாங்கினவளுக்கு என்ன மரியாதை. அவர் வெட்கப்பட்டுச் சொல்கிறார் என்றே நினைத்தேன். மாதர் சங்கத்துப் பெண்கள் ஏழு பேர் உதவிக்கு வந்திருந்தார்கள், நியாலுஹங்கா முன்னால் நின்று, வீட்டுக்காரருக்கு மீன் ஆசைன்னா பொரிச்சுக் குடுடி, கண்ணாடிக்குள்ள வச்சுக் கும்பிடவா போறீங்க என்று எல்லாரையும் சிரிக்க வைத்தாள். கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே ஒவ்வொரு கல்லையும் முட்டை போல வெளுக்கத் தேய்த்தார்கள், பஞ்சைப் பிழிந்து பிழிந்து அலசினார்கள், டிரம்மில் இருந்த பழைய தண்ணீரை அழுக்கென்று பூசணிக் கொடிக்கு ஊற்றிவிட்டார்கள். சோப்பை எடுத்துக் கொடுத்தவள் நான். அப்பா உள்ளே பானையை மடியில் வைத்துக்கொண்டு சால்வை ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், கொல்லையில் நடந்த பாட்டும் தேய்ப்பும் அவருக்கு எப்படிக் கேட்கும்.

தொட்டி பளபளவென்று இருந்தது, நாங்கள் ஜெபம் செய்து தேநீர் குடித்தோம். செவ்வாய்க்கிழமை மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. புதன்கிழமைக்குள் ஐந்து போய்விட்டன. கரோங்காவுக்குப் போன் போட்டேன், லோங்வே சொன்னார், கண்ணுக்குத் தெரியாத உயிருங்க அதுலதாம்மா குடியிருந்துச்சு, மீனு கழிக்கிற விஷத்தை அதுங்கதான் தின்னும், சோப்புப் போட்டு எல்லாத்தையும் அனுப்பிட்டீங்க, ஏரியிலேருந்து பாசி பிடிச்ச கல்லு கொண்டுவந்து போடுங்க, தண்ணியும் மாத்துங்க. இதையெல்லாம் நான் நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டினேன், சோப்பு கொடுத்தது நான் என்பதையும் எழுதினேன். படித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நீல மீன் மட்டும் மூலையில் தலை கீழாய்ச் சாய்ந்து நின்றது, அதுவும் மூச்சுக்குத் தவித்தது, ஆனால் மற்றவை போல வாயைத் திறக்கவில்லை மகளே.

வியாழக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அறிக்கை செய்தேன். நியாலுஹங்கா, கழுவினது நாங்க, நீ மட்டும் என்னத்துக்கு அழறே, எந்திரி என்றாள். சீருடையைக்கூட மாற்றாமல் எல்லாரும் மினிபஸ் ஏறி என்கட்டா வளைகுடாவுக்குப் போனோம், அப்பாவும் வந்தார். நான்கு வருடமாக ஏரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார், மூழ்கவில்லை, மூழ்கவும் கூடாது, கையை மட்டும் விட்டு, தெரிந்தவர்களின் தோளைத் தொடுவது போல ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்து எடுத்தார். அன்றைக்கு ஏரிக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே இல்லை, அவர் எதில் நிற்கிறார் என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை. பாசிக் கற்களை ஈரச் சாக்கில் சுற்றிப் பெண்கள் தலையில் வைத்துக்கொண்டார்கள், வெள்ளைச் சட்டையெல்லாம் பச்சைத் தண்ணீர் வழிந்தது, யாரும் கையைக்கூட கழுவப்படாது, கழுவினா நியாமுந்தாலி நோட்டுல பேர் எழுதிருவா என்று என்னைக் காட்டி நியாலுஹங்கா கத்திக்கொண்டே வந்தாள். இரண்டு கேன் ஏரித் தண்ணீரையும் மடியில் தூக்கிவந்தோம். அதற்குப் பிறகு ஒரு மீனும் சாகவில்லை.

அன்று முதல் அப்பாவின் நாற்காலி தொட்டியைப் பார்த்துத் திரும்பிவிட்டது. உசிபாக் கருவாடு தின்னும்போது மட்டும் மீன்களுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார், கேட்டால் சிரிக்கிறார். மத்தியான வெயில் கண்ணாடி வழியாக வந்து சுவரெல்லாம் அலையடிக்கும், அப்பாவின் சட்டையிலும் அலையடிக்கும், நானும் காய் நறுக்குவதை மறந்து அப்படியே இருந்துவிடுகிறேன். பதினாறு, பதினேழு என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். நேற்று இருபத்துமூன்று. நான் சமையலறையில் இருந்தேன். நியாமுந்தாலி, வா, வந்து எண்ணு என்று ஒரு குரல் கேட்டது. யாரோ விருந்தாளி என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தேன். வீட்டில் உன் அப்பாவைத் தவிர யாரும் இல்லை.

நீல மீன் வாயைத் திறந்திருந்தது. அரிசி அளவுக் குஞ்சுகள் புகை போல வெளியே வந்தன, பதினான்கு எண்ணினேன். ஒரு பெரிய மீன் பக்கத்தில் வந்ததும் அது மறுபடி வாயைத் திறந்தது, எல்லாம் உள்ளே ஓடின. பதின்மூன்று. ஒன்று மட்டும் போகாமல் ஏரிக் கல்லின் இடுக்கில் ஒளிந்துகொண்டு அங்கேயே நீந்திக்கொண்டிருந்தது, நன்றாகத்தான் இருந்தது, பயப்படவில்லை. தாய் வாயை மூடிக்கொண்டு அந்த இடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்தது. அப்பா வெகு நேரம் பார்த்தார். பிறகு, சற்றுக் கரகரத்த குரலில், இதை லுசுங்குவுக்கு எழுது என்றார்.

எழுதிவிட்டேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, அந்நிய ஊரிலும் உனக்கு ஒதுங்க ஓர் இடுக்கு தருவாராக. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, தலைக்குக் கம்பளி கட்டு. எனக்குப் போன் போடு, ஆனால் அப்பாவுக்கு உன் கையால் ஒரு பக்கமாவது தனியாக எழுது, பெரிய எழுத்தாக எழுது. அதை அவர் சத்தமாக வாசிக்கிறேன் என்கிறார்.

உன்னை எண்ணிக்கொண்டே இருக்கும்,
அம்மா
நியாமுந்தாலி