அப்பாவின் பித்தளை ஹாரன்

அன்புள்ள அப்பா,

கையை இரண்டு முறை கழுவியும் புளியும் பித்தளையும் கலந்த வாடை போகவில்லை. உங்கள் பஸ் ஹாரனை இன்று விளக்கினேன். ராஜாத்தியின் கட்டளை. அண்ணன் மகள், நீங்கள் போனபோது தொட்டிலில் கிடந்தவளுக்கு இப்போது நான்கு வயது. “அத்தை, வண்டி அழுக்கா இருந்தா யாரு ஏறுவா?” என்று கேட்கிறாள்.

உங்கள் காரியம் முடிந்த மறுவாரம் ராஜபாளையத்து பஸ் முதலாளி கொடுத்தனுப்பிய ஹாரன் அது. அம்மா அதை உங்கள் காக்கிச் சட்டையில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தாள். மூன்று வருஷமாக நான் அந்தப் பெட்டியின் பக்கமே போகவில்லை. அம்மாவின் துக்கத்தைக் கிளற வேண்டாமென்று இருக்கிறேன் என்று அண்ணன் நினைத்திருப்பான். உண்மையில் எனக்கு அந்த ஹாரனைப் பார்க்கப் பயம். அதன் வாயை அடைத்தவள் நான்தானே.

ராஜபாளையத்திலிருந்து வரும்போது நம் வீட்டுக்கு முந்திய வளைவில் மூன்று முறை அடிப்பீர்கள். இரண்டு குட்டை, ஒன்று நீளம். அடுப்பில் எது கொதித்தாலும் அம்மா அதை விட்டுவிட்டுச் செம்பில் நீராகாரத்தோடு வாசலுக்கு ஓடுவாள். எஞ்சினை நிறுத்தாமல் அண்ணாந்து குடிப்பீர்கள். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக்குப் போகிற ஒருவர், “டிரைவரய்யா, எனக்கு இன்னிக்கு வாய்தா. ஜட்ஜு காப்பி குடிச்சிட்டு வந்து ஒக்காந்திருப்பாரு!” என்று பின்னாலிருந்து கத்தினார். நீங்கள் மீசையைத் துடைத்துக்கொண்டு, “அப்போ அவருக்குத் தாகமில்ல. எனக்குத்தான இருக்கு” என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது. ஜன்னலுக்குப் பின்னால் நானும் சிரித்தேன்.

அதே சிரிப்பு என் பக்கம் திரும்பியபோதுதான் தாங்கவில்லை. எட்டாவது படிக்கையில் ஒருநாள், தோழிகளோடு அந்த வளைவில் வந்துகொண்டிருந்தேன். ஹாரன் கேட்டது. “ஏட்டி, ஒங்கப்பா ஒங்கம்மாவக் கூப்பிடுதாரு! ஓடிப் போயிச் செம்ப எடு!” என்றாள் ஒருத்தி. இன்று நினைத்தால் வெறும் கேலி. அன்று ஒரு வாரம் அந்த வழியே போகாமல் வயலைச் சுற்றிப் பள்ளிக்கூடம் போனேன்.

பிறகு ஒரு சாயங்காலம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “வளைவுல ஹாரன் அடிக்காதீங்கப்பா. எல்லாரும் சிரிக்காவ” என்றேன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். ஏன் என்று கேட்கவில்லை. “சரித்தா” என்றீர்கள்.

மறுநாள் பஸ் ஊமையாக வந்து நின்றது. அம்மா வெறுங்கையோடு எட்டிப் பார்த்தாள். அதன்பிறகு அந்த மூன்று சத்தத்தை நான் கேட்கவேயில்லை. மதுரையில் விடுதியில் தங்கி பி.ஏ. படித்த காலத்திலும், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உங்கள் பஸ் ஓசையில்லாமல்தான் வளைந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நினைப்பேன், அதற்குள் விடுமுறை முடிந்துவிடும். நான் கடைசிப் பரீட்சை எழுதுவதற்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. நம் வீட்டின் முதல் பட்டதாரி என்று ஊர் என்னைச் சொல்லும்போதெல்லாம், அப்பாவின் சந்தோஷத்தை நிறுத்தியவள் என்று உள்ளே ஒரு குரல் சொல்லும்.

இன்று மத்தியானம் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ராஜாத்தி கூடத்தில் மணைகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டினாள். சல்லடைதான் ஸ்டீயரிங். கண்ணும் மூக்கும் வரைந்த இரண்டு வத்திராயிருப்புத் தேங்காய்கள் பயணிகள். யுத்த காலத்துப் பிள்ளை, பெட்ரோல் தட்டுப்பாட்டில் அடுப்புக்கரிப் புகையில் ஓடும் பஸ்ஸைத்தான் அவளுக்குத் தெரியும். “கரி அவிஞ்சு போச்சு! எல்லாரும் எறங்கித் தள்ளுங்க!” என்று அடிக்கடி தேங்காய்களை இறக்கிவிட்டாள்.

திடீரென்று அந்தச் சத்தம். மூன்று முறை. பெட்டியை எப்போது திறந்தாளோ, ஹாரனை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் அதன் ரப்பர் உருண்டையை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

பிடுங்கப் போனேன். அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா வந்துவிட்டாள். கையில் செம்பு. நீராகாரம் தளும்பிச் சேலையெல்லாம் ஈரம். எங்களைப் பார்க்காமல் நேரே வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றாள். தெருவில் வெயில் மட்டும் இருந்தது. இனி அழுவாள், இதற்கும் நானே காரணம் என்று நினைத்தேன்.

அம்மா திரும்பினாள். மடியில் ஹாரனோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். “நல்ல டிரைவருட்டி நீ! என்னய வாசலுக்குக் கூப்பிட்டுட்டு நீ வீட்டுக்குள்ள ஒக்காந்திருக்கியே!” என்று செம்பை நீட்டினாள். சிரித்துக்கொண்டிருந்தாள், அப்பா.

ராஜாத்தி ஒரு வாய் குடித்தாள். “ஆச்சி, உப்பு இல்ல.”

“ஒங்க தாத்தாவும் தெனம் இதத்தான் சொல்லுவாவ.”

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. “அப்பாவ ஹாரன் அடிக்கவிடாமப் பண்ணினது நான்தாம்மா” என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அடிக்கலியா? யாரு சொன்னா? நீ மதுரைக்குப் போன மறுநாளே ஆரம்பிச்சிட்டாவ. கரி வண்டி மேட்டுல நின்னு போனாலும் அவிய ஹாரன் நிக்காது. நீ லீவுக்கு வாரன்னு கடுதாசி வந்தாத்தான் வாயக் கட்டுவாவ. வளைவுல சத்தம் கேக்கலைன்னா கண்டக்டரே கேப்பாராம், ‘என்ன அண்ணாச்சி, பாப்பாவுக்கு லீவு விட்டாச்சா?’ன்னு.”

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“நீ எங்க கேட்ட?”

உண்மைதான். நான் எதைத்தான் யாரிடம் கேட்டிருக்கிறேன்.

ஹாரனை மறுபடி சட்டையில் சுற்றப் போனேன். அம்மா தடுத்தாள். “ஷெட்டுல போட்டு என்ன செய்ய? ஓடட்டும்.” பிறகுதான் புளி கேட்டு வாங்கி விளக்கினேன்.

என் காது எட்டும் தூரம்வரைதான் எனக்குக் கொடுத்த வார்த்தை என்று வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதைத் தாண்டி, உங்கள் இஷ்டப்படி அடித்து, குடித்து, உப்பு இல்லையென்று சொல்லி, சிரித்துக்கொண்டே போயிருக்கிறீர்கள். பத்து வருஷத்துக்கு மேலாக என் கூச்சத்துக்கு நீங்கள் கொடுத்த விலை என்று எதைச் சுமந்தேனோ, அது இன்று இல்லை. உங்கள் “சரித்தா” மட்டும் இருக்கிறது. அதில் என்மேல் உங்களுக்குக் கோபமே இருந்ததில்லை.

உங்கள் மகள்