தூங்கிய பொட்டலமும் விழித்த பொட்டலமும்

என் உயிர் மாப்பிள்ளை முத்தையாவுக்கு,

இது நான் சொல்ல இன்னொருவர் எழுதிய கடிதம் இல்லை. என் கை, என் பேனா. நாற்பது வருடம் கட்டைவிரலை மையில் உருட்டியவன், அறுபத்தாறு வயதில் உன் பெயரை எழுதிவிட்டேன். நடுவில் வரும் 'த்தை'க்கு மட்டும் கால் மணி நேரம் ஆனது. சிரிக்காதே. என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

உன் மகள் கலாதான் சொல்லிக்கொடுத்தாள். ராவாங் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ராசாவில் இருக்கும் நம் ரப்பர்த் தோட்டத்துக்கு வருவாள், அம்மாவுக்குத் தெரியாமல். உன் மனைவி, என் தங்கை பார்வதி, என்னோடு பேசி மூன்று வருடமாகிறது. "என் புருஷனக் கொன்னவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, புக்கிட் பெலிம்பிங்கில் உன் தம்பி வீட்டுக்குப் போனவள்தான்.

நான்தான் கொன்றேனா மாப்பிள்ளை? மூன்று வருடமாக எனக்கு இந்த ஒரு கேள்விதான்.

நீ எப்படிப்பட்டவன்! லயத்து வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்க அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிடுகிறவன். முட்டி வலி வந்து, குனிந்து ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாமல் போனபோதுதான், தோட்டம் தோட்டமாக மருந்து விற்க வரும் அந்த வேன்காரனின் சூரணத்தை வாங்கினாய். சிவப்புத் தாள், மயில் படம். மூன்றாம் நாளே மேட்டில் ஓடி ஏறினாய். முகம் உப்பி உருண்டையானது. "ஆள் தேறிட்டான்லா" என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

சில பொட்டலத்துக்கு வலி கேட்கவில்லை. அதற்கு நீ வைத்த பெயர் தூங்கும் பொட்டலம். கேட்பது விழித்த பொட்டலம். தூங்குவது கிடைத்தால் வேளைக்கு இரண்டு மடங்கு போட்டாய். அடுத்தது விழித்ததாக இருந்தாலும் அதே இரண்டு மடங்கு. அதற்குப் பிறகுதான் உனக்குள் வேறு ஒருவன் குடிவந்தான். நாயை உதைத்தாய். வேலை வாங்கும் மண்டோரின் சட்டையைப் பிடித்தாய். சூரணத்தைக் குறை சொன்ன ஆறுமுகத்தின் பல்லை உடைத்தாய்.

அந்தக் காலை. மீன் குழம்பில் உப்பு இல்லை என்று விறகுக் கட்டையால் பார்வதியின் மணிக்கட்டை உடைத்தாய். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது, உன் கையில் பால் வெட்டும் கத்தி இருந்தது.

"மாப்ள, கத்தியக் கீழ போடு லா."

"நீ யாரு கேக்க? என் வீடு, என் பொண்டாட்டி!"

"என் தங்கச்சிடா அவ!"

"அப்ப நீயும் வாங்கிக்க" என்று வீசினாய். என் காதோரம் கிழிந்தது. நான் உன் வயிற்றில் குத்தினேன். ஒன்று இல்லை, மூன்று. விழுந்த பிறகும் ஒன்று உதைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதானே.

இரண்டாம் நாள் நீ இரத்தம் கக்கினாய். காப்பித்தூளைக் கரைத்ததுபோல் கறுப்பாக. ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டாய். நான் அடித்ததைப் பார்வதி டாக்டரிடம் சொல்லவில்லை. அண்ணனைக் காப்பாற்றினாள், பிறகு அண்ணனே வேண்டாம் என்று விட்டாள். சுடுகாட்டில் உன் தம்பிகள் இருவரும் என்னைக் கட்டையால் அடித்து என் விலா எலும்பை முறித்தார்கள். நான் கையைத் தூக்கவில்லை.

போன வருடம் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் நான் முதலில் படித்தது என்ன தெரியுமா? உன் அலமாரியில் கிடந்த கடைசிப் பொட்டலத்தின் தாள். 'முழுக்க முழுக்க மூலிகை. ஒரே தரம், ஒரே குணம்.' மயிலுக்குக் கீழே இதுதான் எழுதியிருந்தது. ஒரே குணமா? அப்படியானால் நீ தூங்குவது, விழித்தது என்று பிரித்தது எதை? அந்த வேன்காரன் எதிரில் இருந்திருந்தால் கழுத்தை நெரித்திருப்பேன்.

கலா அந்தப் பொட்டலத்தை ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவில் கொடுத்தாள். அவர்கள் அரசாங்கச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பதில் வந்தது: வேர், இலை, சுக்கு. வேறு ஒன்றும் இல்லை.

செய்தி பார்வதிக்குப் போனது. "இப்பவாச்சும் ஒத்துக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினாள். இரண்டு நாள் நான் சோறு தின்னவில்லை.

மூன்றாம் நாள் பால் கொட்டகையில் வேலையில் நிற்கிறேன். உனக்குத்தான் தெரியுமே என் வேலை. ஒவ்வொருவர் கொண்டுவரும் ரப்பர்ப் பாலிலும் கோலை மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. முனியம்மாவின் முதல் வாளி கெட்டி. சரி என்று அடுத்ததைப் பார்க்காமல் ஊற்றப் போனாள்.

"ஏய், நில்லு!" என்று கத்தினேன். "ஒரு வாளிய பாத்தா எல்லாத்தையும் பாத்த மாதிரியா?"

கத்திய வாயோடு அப்படியே நின்றேன். "என்னண்ணே, பேய் அடிச்சிருச்சா?" என்றாள் அவள். இருபது வருடம் வாளி வாளியாகப் பார்த்தவன், உன் விஷயத்தில் ஒரே ஒரு வாளியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்!

அதற்குப் பிறகு நானும் கலாவும் அலைந்தோம். ராசா, கலும்பாங், கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்கள். அதே மயில், அதே சிவப்புத் தாள். வீட்டு மூலையில் கிடந்ததையெல்லாம் கேட்டு வாங்கினோம். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர், உன்னைப்போலவே முகம் உப்பியவர், "என் மருந்தத் திருடவா வந்தே?" என்று உலக்கையை எடுத்துத் துரத்தினார். ஒன்பது பொட்டலம் சேர்ந்தது. எந்த ஊர், யார் வீடு என்று ஒவ்வொன்றின் மேலும் நானே எழுதினேன்.

போன மாதம் பதில் வந்தது. நான்கில் வெறும் மூலிகை. ஐந்தில் ஆங்கில மருந்து அரைத்துக் கலந்திருந்தது. ஒன்று வலிக்கு, ஒன்று வீக்கத்துக்கு. ஒரு பொட்டலத்தில் இருந்ததைப்போல மூன்று மடங்கு இன்னொன்றில். கட்டிய கைக்கே அளவு தெரியாது. டாக்டர் சொன்னதையும் சேர்த்துக் கலா பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தாள்.

நானே பார்வதிக்குப் படிப்பேன் என்றேன். புக்கிட் பெலிம்பிங் போனேன். உன் தம்பி என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். விழுந்து எழுந்து வாசலில் நின்றே படித்தேன். பார்வதி உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த மருந்தை அளவு மீறித் தின்றால் முகம் உப்பும். கோபம் தலைக்கேறும். வயிறு புண்ணாகி இரத்தம் கசியும். இரத்தம் கக்கும் முன்பே மலம் கறுப்பாகப் போகும்.

அவள் திரும்பினாள்.

"என்ன படிச்சே? திரும்பப் படி."

படித்தேன்.

"ஒரு வாரம்ண்ணே" என்றாள். "நீ அடிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தாரு மாதிரி போச்சு. ஒடம்புல உள்ள கசடு போகுதுன்னான் வேன்காரன். நான் சந்தோஷப்பட்டேன்ண்ணே! சாமிக்கு வெளக்குப் போட்டேன்!"

சுவரில் தலையை மோதிக்கொண்டாள். நான் பிடிக்கப் போனேன். கையில் கிடைத்த கரண்டியால் என்னை அடித்தாள். தோள், முதுகு, தலை. உன் தம்பியே ஓடி வந்து விலக்கினான். மூச்சு வாங்க நின்று சொன்னாள்: "கொன்னது நீ இல்ல. ஆனா அடிச்சது நீதான். விழுந்தவர ஒதச்சது நீதான்."

"ஆமா" என்றேன்.

"உள்ள வா. நெத்தில ரத்தம்."

மாப்பிள்ளை, வலியில் உயிர் போனது, நான் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அந்தப் புண் வயிற்றில் என் குத்தும் உதையும் என்ன செய்தன? டாக்டரைக் கேட்டேன், அவரால் சொல்ல முடியவில்லை. அந்தப் பங்கை நானே வைத்துக்கொள்கிறேன்.

வேன் இன்னும் வருகிறது. வரும் ஞாயிறு நம் லயத்து முனையில் நானும் பார்வதியும் நிற்கப்போகிறோம். ஒன்பது பொட்டலத்தின் பதிலையும் ஊர் கேட்க நானே படிப்பேன். படித்து முடிக்கும்வரை வேன்காரன்மேல் யாரும் கைவைக்க விடமாட்டேன், நானும் வைக்கமாட்டேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம். முடித்த பிறகு உன் பெண்டாட்டி என்ன செய்வாள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

உன்னை அடித்தவனும்,
உன் குடும்பத்துக்கு அண்ணனும் தாய்மாமனுமாகிய
உன் மச்சான் வேலு