ரொட்டிக்கு எதற்குத் தாழ்ப்பாள்?

அன்புள்ள நோரா அக்காவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நான் சுவருக்குள் சிக்கி, தீயணைப்புப் படை வந்து இழுத்ததாக நம்மூரில் பேச்சாம். பொய். நானாகவே நுழைந்தேன், நானாகவே வெளியே வந்தேன்.

நான் சுற்றிக்காட்டும் ஆஷ்வெல்டன் மாளிகையில், கணப்புக்குப் பின்னால் ஒரு பொந்து உண்டு. நம் கத்தோலிக்கப் பாதிரியார்களை அரசாங்கம் வேட்டையாடிய காலத்தில் அவர்களை ஒளித்துவைத்த இடம். மேலாளர் பெர்சிவல் அதை ரொட்டி அலமாரி என்று கையேட்டில் அச்சடித்திருந்தார். செவ்வாயன்று, பயணிகள் பார்க்க, டார்ச்சோடு உள்ளே தவழ்ந்தேன்.

"மிஸஸ் டூலன், வெளிய வாங்கம்மா! இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றார் பெர்சிவல்.

"கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு. ரொட்டி எதுக்குய்யா உள்ளே இருந்து தாழ் போட்டுக்கணும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். புதிய கையேட்டில் 'பாதிரியார் மறைவிடம்' என்று வந்துவிட்டது.

என் கம்பளிக் காலுறை கிழிந்துவிட்டது. இங்கே கடையில் கிடைக்கும். ஆனாலும் நீங்கள் பின்னியதுதான் வேண்டும். தொலைபேசி வேண்டாம், கடிதமாகவே பதில் எழுதுங்கள்.

தங்கை பிரிஜிட்