பரணில் கிடந்த கார்லாவின் தட்டு

டுலூத்
மார்ச் 14, 2019

அன்புள்ள ஓர்லின் அண்ணாவுக்கு,

நலம். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

ஆறு வருடம் முன்பு நீ எனக்கு விற்ற வீட்டின் கூரைப் பரணில், குளிர் இறங்காமலிருக்க நீயே பரப்பிய கண்ணாடிப் பஞ்சு நனைந்து கறுத்துக் கிடக்கிறது. முழுக்கப் பூஞ்சை. என் பிரிட்டாவுக்கு மூன்று மாதமாக மூச்சிரைப்பு. ஒன்பது வயதுப் பிள்ளை, உட்கார்ந்தபடி தூங்குகிறாள். "வீட்ல எங்கயாவது ஈரம் இருக்கா?" என்று டாக்டர் கேட்ட பிறகுதான் பரணைத் திறந்தோம். வேலைக்கு வந்த ராஸ்கோ மோந்து பார்த்துவிட்டு, "இது இந்த வருஷத்து ஈரம் இல்லீங்க" என்றார்.

விற்கும்போதே உனக்குத் தெரியுமா? ஒரு வரி எழுது, போதும்.

உன் தங்கை,
வெர்னா

*

க்ளோகே
மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று படித்து வருத்தம். இந்தக் குளிர்காலம் யாரையும் விடவில்லை. கூரை விளிம்பில் ஐஸ் கட்டிக்கொண்டால், உருகுகிற தண்ணீர் உள்ளேதான் இறங்கும். நான் விற்றபோது ஒரு சொட்டு ஈரம் கிடையாது, ஆண்டவர் சாட்சி.

ராஸ்கோ பேச்சைக் கேட்காதே. பழைய பஞ்சின் மேலேயே இன்னொரு அடுக்கு போட்டுவிடு. என்னிடம் பத்து மூட்டை மிச்சம் இருக்கிறது, தருகிறேன். நம் சர்ச் கூடத்துப் பரணில் பஞ்சு பரப்பும் வேலையும் எனக்குத்தான் வரும் போலிருக்கிறது. உன் அண்ணி கார்லா உன்னை விசாரித்தாள்.

பாசமுள்ள அண்ணன்,
ஓர்லின்

*

டுலூத்
ஏப்ரல் 6

அண்ணா,

நனைந்ததை மூடினால் அழுகும். இருபது வருடமாக இதே தொழில் செய்கிற உனக்கு அதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒழுகலை அடைத்தோம். பிறகு பஞ்சை வாரினோம், அறுபத்தோரு பை. அதற்குப் பதில் பரப்ப, பழைய செய்தித்தாளை அரைத்த தூளா, ஆட்டுக் கம்பளியா என்று யோசித்துக் கம்பளி என்று முடிவு செய்தேன். "ஈரத்தை வாங்கிட்டு திருப்பி விட்டுரும். வெறுங்கையாலயே விரிக்கலாம், அரிக்காது" என்றார் ராஸ்கோ.

புகைபோக்கி ஓரத்தில், உன் பஞ்சுக்கு அடியில், ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே ஓவனில் வைத்துச் சமைக்கிற ஆழமான தகரத் தட்டு ஒன்று இருந்தது. விளிம்பு வரை துரு. திருப்பினால் அடியில் வெள்ளை டேப், அதில் அண்ணி கையெழுத்தில் "கார்லா". ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகிற சர்ச் விருந்தில் தட்டு மாறிவிடக் கூடாதென்று நாம் எல்லோரும் ஒட்டுகிற டேப்தான்.

உன் ஆண்டவர் சாட்சி சொல்லிவிட்டார்.

வெர்னா

*

க்ளோகே
ஏப்ரல் 10

வெர்னா,

தெரியும். சொன்னால் நீ வாங்கமாட்டாய் என்று பயந்து தட்டை வைத்து மூடினேன். பிறகு வந்து சரிசெய்ய நினைத்தேன், நாள் ஓடிவிட்டது. என்னை மன்னித்துவிடு.

அந்தத் தட்டை யாரிடமும் காட்டாதே. சர்ச் விருந்துக்கு வருகிற மார்லிஸ்தான் அதைத் திருடினாள் என்று நினைத்து, கார்லா ஆறு வருடமாக அவளோடு பேசுவதில்லை. கூடத்து வேலை யாருக்கு என்று முடிவு செய்ய பதினாறாம் தேதி சர்ச் குழு கூடுகிறது. அது கைவிட்டுப் போனால் ஊரில் என் பேர் போயிற்று. கம்பளியை நானே வந்து விரித்துத் தருகிறேன். வேறென்ன வேண்டும், சொல்.

ஓர்லின்

*

டுலூத்
ஏப்ரல் 23

ஓர்லின்,

பதினான்காம் தேதி விருந்தில் நடந்ததை அண்ணி சொல்லியிருப்பாள். என் வாயாலும் கேட்டுக்கொள். உருளைக்கிழங்கும் கறியும் வேறு தட்டில் கொண்டுபோனேன். பரணில் கிடைத்த தட்டை வெறுமையாக, துருவோடு, மேசை நடுவில் வைத்தேன்.

"இது என் தட்டாச்சே. எங்க கெடச்சுது வெர்னா?"

"எங்க வீட்டுப் பரண்ல, அண்ணி. ஒழுகுதுன்னு அண்ணன் வெச்சுட்டுத்தான் வீட்டை எனக்கு வித்தாரு."

மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணியையே பார்த்தாள். கூடத்து வேலை ராஸ்கோவுக்குப் போய்விட்டது. எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. காப்பி இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தேன்.

கம்பளி விரித்தாயிற்று. நீ வரவேண்டாம், கிறிஸ்துமஸுக்கும் வரவேண்டாம். பிரிட்டா நான்கு நாளாகப் படுத்துத் தூங்குகிறாள்.

உன் மன்னிப்புக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தட்டு இருக்கிறது, கார்லா இருக்கிறாள், மார்லிஸ்கூட இருக்கிறாள். பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. இருந்திருந்தால், தட்டைக் காகிதத்தில் சுற்றி உனக்கே அனுப்பியிருப்பேன்.

வெர்னா