பதினேழாம் மரத்தின் இரண்டு கிளைகள்

அக்டோபர் 9, 1996
குளிர். காலை முழுக்கப் பதினேழாம் தைல மரத்தில் வேலை. டூகல் கீழே நின்று ஆளை மேலே ஏற்றும் மேடையை இயக்கினான். நான் மேலே மொட்டுகளின் மூடியைக் கழற்றி, மகரந்தத் தாள்களை வெட்டி எடுத்தேன். சூல்தண்டு மட்டும் மொட்டையாக நிற்கும். அது பக்குவப்பட ஒரு வாரம் ஆகும். அதற்குள் தேனீயும் கிளியும் புகுந்துவிடாமல் இரண்டு கிளைகளுக்கும் பை கட்டினோம். எதில் காய் கூடுகிறது என்று பார்க்க, வெள்ளை நாடாக் கிளைக்கு இந்த மரத்தின் சொந்த மகரந்தப் பொடி. மஞ்சள் நாடாக் கிளைக்குக் கீவ்ஸ்டன் பண்ணையில் நின்ற கிழ மரத்தின் பொடி. அந்த மரத்தைப் போன மாதம் வெட்டிவிட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு குப்பி.

என் புருஷன் ரெக்ஸின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அவன் செத்து நான்கு மாதம். என் கோட் எங்கே என்று தேடத் தோன்றவில்லை.

டூகல் மூன்று தடவை டீ வேண்டுமா என்று கேட்டான். பத்து வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம், ஒரு நாளும் டீ போட்டுத் தந்தவன் இல்லை.

அக்டோபர் 16
இரண்டு கிளைக்கும் பொடி தடவியாயிற்று. மழைக்கு முன்னால் இறங்கிவிட்டோம்.

நவம்பர் 3
பக்கத்து வீட்டு வெண்டி மறுபடி டூனா மீன் போட்ட மக்ரோனி கொண்டுவந்தாள். நன்றி சொன்னேன். “அழுதுடு ஐலீன், நல்லது” என்றாள். அழுகை வந்தால் அழமாட்டேனா?

டிசம்பர் 1
கோட்டின் உள்பாக்கெட்டில் ஒரு குப்பி. கீவ்ஸ்டன். மூடி திறக்கப்படவே இல்லை.

பொடி தடவிய அன்று இரண்டு குப்பியும் கலந்துவிடக் கூடாது என்று இதைத் தனியே உள்ளே வைத்தேன். அப்படி ஒரு பாக்கெட் இருப்பதே அதற்குப் பிறகு நினைவில் இல்லை. என் கோட்டில் உள்பாக்கெட் கிடையாது. அப்படியென்றால் மஞ்சள் கிளைக்கும் கையிலிருந்த சொந்தப் பொடியையேதான் தடவியிருக்கிறேன். ஆறு வாரம் என் உடம்புச் சூட்டில் கிடந்திருக்கிறது, இனி இது வெறும் தூசி.

ஐயோ என்றுகூட வரவில்லை. மேசை டிராயரில் போட்டேன். ரொட்டி சுட்டுச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 2
டூகலிடம் சொல்லவில்லை.

ஜனவரி 14, 1997
காய் எண்ணினோம். இரண்டு கிளையிலும் குறைச்சல்தான், ஆனால் கிட்டத்தட்ட சமம். டூகல் தொப்பியைக் கழற்றி வீசினான்.

“பாத்தியா! அயல் பொடியா இருந்தா என்ன, சொந்தப் பொடியா இருந்தா என்ன, இந்த மரத்துக்கு எல்லாம் ஒண்ணுதான்! காய் கம்மியானது இந்த வருஷ மழையாலதான்.”

விதைத்தோட்டம் முழுக்க இந்த ஒரே மரத்தின் ஒட்டுக்கன்றுகளை நடப்போகிறானாம். இருநூறு. வெள்ளிக்கிழமை நாற்றுப் பண்ணைக்குப் போனில் சொல்லிவிடப் போகிறான். எல்லாம் ஒரே மரம், எதன் பொடி எதில் விழுந்தாலும் சொந்தப் பொடிதான். விதையும் கொஞ்சம்தான் வரும். அதில் முளைப்பதும் பாதி குட்டையாக, கோணலாக நிற்கும். தெரிய நாலைந்து வருஷம் ஆகும், அதற்குள் ஊரெல்லாம் நட்டிருப்பார்கள்.

எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஏன்? பயமா? பயம்கூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 17
வெள்ளிக்கிழமை. அவன் போனைக் கையில் எடுத்தபோது குப்பியை மேசையில் வைத்தேன்.

“என்ன இது?”

“கீவ்ஸ்டன். நான் தடவவே இல்ல. ரெண்டு கிளையும் சொந்தப் பொடிதான்.”

வழக்கம்போலப் பரவாயில்லை என்பான் என்று காத்திருந்தேன்.

“உனக்கு மூளை இருக்கா? அந்த மரம் இப்ப எங்க இருக்கு தெரியுமா? விறகாப் போச்சு! எப்பத் தெரியும் உனக்கு?”

“டிசம்பர்ல.”

“டிசம்பர்லயா! அன்னைக்கு நான் பைத்தியக்காரன் மாதிரி குதிச்சேனே, பாத்துக்கிட்டுதானே நின்ன! புருஷன் போயிட்டா என்ன வேணா செய்யலாமா?”

சொன்ன பிறகு அவனுக்கே முகம் வெளுத்துவிட்டது. கதவை அறைந்துவிட்டுப் போனான்.

நான் காரில் போய் உட்கார்ந்தேன். ஏழு மாதமாக யாரும் என்னைப் பார்த்துக் கத்தியதில்லை. ரெக்ஸ் கத்துவான். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டால் கத்துவான். அது ஞாபகம் வந்ததும் அழுகை வந்துவிட்டது. ரெக்ஸ், ஏண்டா போன — சத்தமாகவே கேட்டேன். வண்டியை எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

பிப்ரவரி 2
டூகல் இன்னும் பேசுவதில்லை. டீயும் கேட்பதில்லை. ஒட்டுக்கன்றுத் திட்டத்தை ரத்து செய்துவிட்டான்.

அக்டோபர் 13
மறுபடி பதினேழாம் மரம். இந்தத் தடவை புரூனி தீவு மரத்தின் பொடி. மேடையில் ஏறப்போனேன், டூகல் குறுக்கே கையை நீட்டினான்.

“நில்லு. பாக்கெட்டைக் காட்டு.”

“எல்லாத்தையுமா?”

“உள்பாக்கெட்டையும்தான், கேடி.”

எடுத்துக் காட்டினேன். கைக்குட்டை மட்டும்தான் இருந்தது. வரும் வழியில் அழுததில் அது நனைந்திருந்தது. அவன் வாங்கிப் பார்த்தான், திருப்பிக் கொடுத்துவிட்டு மேடையை மேலே ஏற்றினான்.