குளிர்காலக் கப்பல்

ஜூனோ, பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

மாநில பட்ஜெட்டில் எதையெல்லாம் வெட்டலாம் என்ற பட்டியலை நான்தான் தயாரித்தேன். நம் ஊருக்கு வரும் குளிர்காலக் கப்பலும் அதில் இருந்தது. அதனால்தான் ஒரு மாதமாக உன்னைக் கூப்பிடத் துணியவில்லை.

நேற்று சட்டமன்றக் குழு தொலைபேசியில் மக்களிடம் கருத்துக் கேட்டது, நானும் அந்த அறையில் இருந்தேன். திடீரென்று உன் குரல்.

"டாக்டர்கிட்ட போக எனக்கு அந்தக் கப்பல்தான். நிறுத்தச் சொல்லி எழுதினவங்க ஒரு ஜனவரி இங்க வந்து இருந்து பாக்கட்டும்."

பக்கத்து இருக்கையில் இருந்த, என்னோடு வேலை பார்க்கும் மார்லிஸ் சிரித்தாள். "யாருடி இந்தம்மா, வெளுத்து வாங்குறாங்க?"

"எங்கம்மாதான்" என்றேன்.

கடைசியில் குழு முழுதாக நிறுத்தவில்லை, மாதம் ஒரு கப்பலாவது தப்பியது.

உலர்ந்த சால்மன் மீன் கொஞ்சம் அனுப்பு. ஞாயிறன்று நீயே கூப்பிடு. நேற்று உனக்கு இரண்டு நிமிடம்தான் கொடுத்தார்கள், எனக்குப் போதவில்லை.

அவசரமாக,
பெர்னெட்